ஒரு வெடியின் அடக்க விலை

டெக்சாஸில் ஒரு ப்ராஜெக்டுக்காக ஆறு மாதம் இருந்தேன். அப்போது என் டீமில் இருந்த ஒருத்தர் தன் வீட்டு கராஜுக்கு என்னைக் கூட்டிப்போனார். கார் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு மரமேஜை. அதன் ஓரத்தில் போல்ட் போட்டு இறுக்கிய கைப்பிடி வைத்த இரும்பு அழுத்தி ஒன்று, பக்கத்தில் நகைக்கடைத் தராசு மாதிரி சின்னத் தராசு, வரிசையாக டப்பாக்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே உட்கார்ந்து தன் ரைஃபிளுக்கான தோட்டாக்களைத் தானே நிரப்புவாராம். அந்த ஊரில் அது மீன்பிடிக்கப் போவது மாதிரி ஒரு பொழுதுபோக்கு.

தோட்டா என்றால் பறந்து போகிற குண்டை மட்டும்தான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அது நாலு சாமான் சேர்ந்தது. பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் பொட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும் ப்ரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டால் மூன்று போய்விடும், கூடு மட்டும் கீழே விழும். அந்தக் கூட்டைப் பொறுக்கி, துடைத்து, மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாக வைத்தால் அடுத்த வெடி ரெடி. இதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள்.

அவரிடம் ஒரு எக்செல் ஷீட் இருந்தது. (இருக்காமலா? நாங்கள் அந்தத் தொழில்தானே.) ஒரு பவுண்டு மருந்துக்கு 7,000 கிரெய்ன். அவர் ரைஃபிளுக்கு ஒரு தோட்டாவுக்கு 42 கிரெய்ன் போகும் என்றால் ஒரு டப்பாவில் 166 வெடி. கூடு ஐந்தாறு தடவை தாங்கினால் அதன் விலையை ஐந்தாறால் வகுத்துக்கொள்ளலாம். குண்டும் ப்ரைமரும் வகுபடாது, அப்படியே செலவு. எல்லாவற்றையும் கூட்டி, கடைத் தோட்டாவின் விலைக்குப் பக்கத்தில் போட்டு, பச்சைக் கலர் அடித்து வைத்திருந்தார். அழுத்தியும் தராசும் வாங்கிய காசு அந்த ஷீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளும் இல்லை. கேட்டேன். சிரித்தார். "மிச்சம்லாம் ஒண்ணும் கிடையாது. அதே காசுக்கு முன்னைவிட அதிகமா சுடறேன், அவ்வளவுதான்" என்கிற அர்த்தத்தில் சொன்னார். அந்த வட்டாரத்தில் எல்லாரும் சொல்கிற பழைய ஜோக் அது என்று பிறகு தெரிந்தது.

அவர் ஒரு டப்பாவைச் சாய்த்து ஈயக்குண்டுகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டபோது ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு அடுப்படி மாடத்தில் இருந்த கோபால் பல்பொடி டப்பாவின் சத்தம்.

எங்களுக்கு மரக்காணம் பக்கம். தாத்தாவும் ஆயாவும் உப்பளத்தில் கூலிக்குப் போனவர்கள். மரக்காணத்தை இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் கடப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை அம்பாரம் தெரியும், நிறுத்தி செல்ஃபி எடுப்பார்கள். அந்த அம்பாரம் தை மாதத்துக்குப் பிறகுதான். ஐப்பசி, கார்த்திகையில் பாத்திகள் மழைத்தண்ணீரில் முழுகிக் கிடக்கும். கடல்தண்ணீரைப் பாய்ச்சி வெயிலில் வற்றவைக்கிற தொழிலுக்கு மழையைப் போல எதிரி வேறு இல்லை. மூன்று மாதம் கூலி கிடையாது.

அதே மூன்று மாதத்தில்தான் ஊருக்கு மேற்கே கழுவேலியில் தண்ணீர் ஏறும், பறவைகள் இறங்கும். கழுவேலி என்பது ஏரியும் இல்லை, கடலும் இல்லை. எழுபது சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்த சதுப்பு, மரக்காணத்துக்குப் பக்கத்தில் எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலைத் தொடும். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு அதுதான். வடக்கே பனி விழ ஆரம்பித்ததும் வாத்து வகைகளும் உள்ளான் வகைகளும் ஆயிரக்கணக்கில் வந்து அங்கே தங்கும். எங்களுக்குக் கூலி நின்ற மாதம், பறவைக்கு அறுவடை மாதம்.

அந்தச் சமயத்தில் ஒரு குருவிக்காரர் வருவார். நரிக்குறவர் என்று எழுதுகிறோம், ஊரில் குருவிக்காரர்தான். தோளில் நீளக் குழல் துப்பாக்கி, இன்னொரு தோளில் சாக்கு. சாக்கில் மடையான், உள்ளான், சில நாள் சிறவி. ஆயாவைவிட அவர் மூத்தவராகத்தான் இருப்பார். ஆனாலும் அவர் ஆயாவை "சாமி" என்பார், ஆயா அவரை "வாடா" என்பாள். அப்போது அது எனக்கு உறுத்தவில்லை.

பறவைக்கறி சாப்பிடும்போது மெதுவாக மெல்லணும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பல்லில் ரவை சிக்கும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக்குண்டு. சிக்கினால் துப்பக்கூடாது. எடுத்து, கழுவி, பல்பொடி டப்பாவில் போடவேண்டும். அடுத்த தடவை குருவிக்காரர் வரும்போது ஆயா அந்த டப்பாவை அவர் கையில் கொட்டுவாள். அவர் எண்ண மாட்டார், கையைத் தூக்கி எடை பார்ப்பார். இரண்டு ரூபாயோ மூன்று ரூபாயோ விலையில் குறைப்பார். டெக்சாஸ்காரர் பித்தளைக் கூட்டைப் பொறுக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே குண்டே திரும்பி வருகிறது. சமையல்கட்டு வழியாக.

அவருடைய துப்பாக்கியை ஒருநாள் திண்ணையில் சாய்த்து வைத்திருந்தபோது கிட்டே போய்ப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் திறக்காது. வாய் வழியாகத்தான் எல்லாம் போகவேண்டும். முதலில் கரிமருந்து, அதன்மேல் தேங்காய் நார் அடைப்பு, பிறகு ரவை, மறுபடி நார். நீளக் கம்பியால் கெட்டிக்கவேண்டும். பின்னால் ஒரு சின்ன முலைக்காம்பு, அதன்மேல் கேப்பு. சுத்தியல் விழுந்தால் கேப்பு பொறியும், பொறி உள்ளே இறங்கும். போலீஸ் தாள்களில் இதற்கு எஸ்.பி.எம்.எல். என்று பெயர், ஒற்றைக் குழல், முன்வாய் நிரப்பி.

இந்தத் துப்பாக்கியில் தோட்டாக் கூடு என்று ஒன்று கிடையாது. குழலேதான் கூடு. அது எத்தனை தடவை சுட்டாலும் கீழே விழாது, தேயாது, வாங்கவேண்டியதும் இல்லை. தோட்டாவில் விலை உயர்ந்த பகுதியை துப்பாக்கியிலேயே நிரந்தரமாகக் கட்டிவைத்த மாதிரி. அவர் வாழ்க்கையில் சுட்ட ஒவ்வொரு வெடியும் கையால் நிரப்பிய வெடி. அமெரிக்கக் கராஜில் பொழுதுபோக்காக இருப்பது இங்கே ஒரே வழியாக இருந்தது.

அந்த வழியில் கணக்கு வேறு மாதிரி ஓடும். ஒரு தடவை சுட்டால் மறுபடி நிரப்ப ஒரு நிமிஷமாவது ஆகும். அதற்குள் கழுவேலியில் இருக்கிற பறவை எல்லாம் எழுந்து பறந்திருக்கும். ஆகவே ஒரு இடத்தில் ஒரு வெடிதான். அந்த ஒரு வெடியில் ஒரு உள்ளான் விழுந்தால் நஷ்டம். நாலு விழுந்தால்தான் மருந்துக்கும் கேப்புக்கும் கட்டும். அதனால் அவர் சுடுவதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். இடுப்பளவு தண்ணீரில், கோரைக்கு நடுவில், பறவைகள் நெருங்கிக் கும்பலாகிற வரைக்கும். டெக்சாஸ் எக்செலில் நேரத்துக்கு ஒரு பத்தி இல்லை என்று சிரித்தேனே, இவருடைய கணக்கில் நேரம் மட்டும்தான் இலவசம். மற்ற எல்லாவற்றுக்கும் காசு, இல்லாவிட்டால் சட்டம்.

சட்டத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்றால் மருந்திலிருந்து தொடங்கவேண்டும்.

கரிமருந்து மூன்று பொருள்: வெடியுப்பு, அடுப்புக்கரி, கந்தகம். நாலில் மூன்று பங்கு வெடியுப்பு. கரி எங்கும் கிடைக்கும், கந்தகம் கொஞ்சம்தான் வேண்டும். ஆக, மருந்தின் விலை என்பது வெடியுப்பின் விலை. அந்த வெடியுப்பு எங்கிருந்து வரும்? மாட்டுத்தொழுவ மண், பழைய மண்சுவர், ஆள் நடமாடிக் கைவிட்ட ஊர் மேடு. சாணமும் மூத்திரமும் மண்ணில் ஊறி, வெயில் காலத்தில் சுவரில் வெள்ளையாகப் பூக்கும். அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து வடித்துக் காய்ச்சி எடுப்பார்கள்.

காய்ச்சும்போது ஒரு விஷயம் நடக்கும், இந்தக் கட்டுரையே அதனால்தான். மண்ணில் வெடியுப்பு மட்டும் இருக்காது, சாப்பாட்டு உப்பும் இருக்கும். கொதித்து வற்ற வற்ற முதலில் கறியுப்பு அடியில் தங்கும். ஆறவிட்டால் அதற்குப் பிறகு வெடியுப்பு படிகமாக இறங்கும். ஒரே சட்டி, ஒரே மண், இரண்டு உப்பு. ஒன்று குழம்புக்கு, ஒன்று குழலுக்கு.

தமிழ்நாட்டில் இதைத் தொழிலாகச் செய்தவர்கள் உப்பிலியர். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். உவர்மண்ணிலிருந்து உப்பும் வெடியுப்பும் எடுப்பது அவர்கள் பரம்பரைத் தொழில். அரசாங்கம் அதைத் தடுத்தபின் குளம் வெட்டுவது, மண் சுமப்பது என்று போய்விட்டார்கள். சாதிப் பெயரில் உப்பு இருக்கிறது, கையில் மண்வெட்டி.

ஏன் தடுத்தார்கள்? கிராமத்தான் வெடிமருந்து செய்துவிடுவான் என்கிற பயம்தான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். அது பாதிதான். 1805-ல் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு மரக்காணத்தில் வாரும் உப்பானாலும் தூத்துக்குடியில் வாரும் உப்பானாலும் சர்க்கார் சொன்ன விலைக்குத்தான். அப்படியிருக்க, உள்நாட்டில் ஒருத்தன் வெடியுப்பு காய்ச்சுகிறேன் என்று சொல்லி சட்டியின் அடியில் இருந்து வரி கட்டாத கறியுப்பைச் சுரண்டி எடுத்தால்? அதனால் வெடியுப்புச் சட்டி உப்பு இலாகாவின் கண்காணிப்புக்குள் வந்தது. துப்பாக்கிக்கான மருந்தை உப்பு அதிகாரி வந்து சோதித்தார், துப்பாக்கியை நினைத்து அல்ல, குழம்பை நினைத்து.

இந்தக் கரைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் உப்பையும் வெடியுப்பையும் ஒரே கண்ணால்தான் பார்த்தார்கள். பதினேழாம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வெடிமருந்து ஆலை வைத்திருந்தார்கள், அங்கே அரைத்த மருந்து கப்பலேறிப் போனது. சென்னையில் புளியந்தோப்புப் பக்கம் இன்றும் பவுடர் மில்ஸ் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. அது முகத்துக்குப் போடுகிற பவுடர் இல்லை. 1757-ல் பிளாசி முடிந்த கையோடு, அடுத்த வருஷம், பீகார் வெடியுப்பு முழுவதையும் வாங்கும் உரிமையை ஆங்கிலேயக் கம்பெனி மீர் ஜாஃபரிடமிருந்து பெற்றுக்கொண்டது. உலகத்திலேயே பெரிய வெடியுப்பு வயல் ஒரே கையில்.

அடி யாருக்கு விழுந்தது என்றால் பிரெஞ்சுக்காரர்களுக்கு. மரக்காணத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற புதுச்சேரி அவர்களிடம் இருந்தது, ஆனால் மருந்து இல்லை. பிரான்சில் வெடியுப்புக்காரர்கள் வீடுவீடாகப் போய் நிலவறையையும் தொழுவத்தையும் தோண்ட உரிமை பெற்றிருந்தார்கள். வீட்டுக்காரன் தடுக்க முடியாது. அந்தத் தொல்லையை ஒழுங்குபடுத்த 1775-ல் வெடிமருந்துக்கு ஒரு அரசு அமைப்பை ஏற்படுத்தி நாலு பேரை நியமித்தார்கள். அதில் ஒருவர் லவாய்சியே. ஆமாம், வேதியியல் புத்தகத்தின் லவாய்சியே. அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ராஜாவுக்கு வரி வசூலித்துக் கொடுக்கும் குத்தகைக் கூட்டத்தில் அவர் பங்குதாரர், அந்தக் கூட்டம் வசூலித்த வரிகளில் ஒன்று உப்பு வரி. வெடியுப்பைப் பெருக்கியவரும் உப்புக்கு வரி வாங்கியவரும் ஒரே ஆள். 1794 மே 8-ல் அவர் தலையைக் கில்லட்டின் வாங்கியது வரிக் குத்தகைக்காக, மருந்துக்காக அல்ல. மருந்தைவிட உப்பைத்தான் ஜனங்கள் மறக்கவில்லை.

1787-ல் இந்தியா சம்பந்தமாக இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் உப்பு, வெடியுப்பு, அபின் மூன்றும் ஒரே தாளில் வருகின்றன. நெப்போலியனுக்குப் பிறகு, 1815-லும் 1818-லும் மறுபடி உட்கார்ந்தார்கள். 1818 ஒப்பந்தப்படி புதுச்சேரிப் பகுதியில் உப்பு விளைவிப்பதையே பிரெஞ்சுக்காரர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அளக்காரர்களுக்கு நஷ்டஈடாக வருஷத்துக்கு 4,000 வராகன். தேவையான உப்பை ஆங்கிலேயர் கொடுப்பார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் மரக்காணத்தில் உப்பு வெயிலில் விளைந்துகொண்டிருந்தது, அந்தப் பக்கம் அதே வெயில் சும்மா அடித்தது.

இனி 1878. லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம். இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்று சொன்ன சட்டம் என்றுதான் பள்ளியில் படித்தோம். அதன் வரையறைப் பகுதியை முதல் தடவை படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'இராணுவச் சாமான்' என்ற சொல்லுக்குள், அரசு விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று மூன்று பொருள்களைப் பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள்: ஈயம், கந்தகம், வெடியுப்பு.

எங்கள் வீட்டுப் பல்பொடி டப்பா அப்படியே அந்தச் சட்டத்துக்குள் போய்விடும்.

சட்டம் எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. துப்பாக்கியைக் கணக்கெடுப்பது சுலபம், ஒரு ஊரில் எத்தனை இருந்துவிடும்? ஆனால் முன்வாய்த் துப்பாக்கி வைத்திருப்பவன் மருந்தையும் குண்டையும் தானே செய்துகொண்டால், அவன் எத்தனை தடவை சுடுவான் என்று யாருக்கும் தெரியாது. கடையில் தோட்டா வாங்குகிறவனுக்கு ரசீது உண்டு, எண்ணிக்கை உண்டு. கையால் நிரப்புகிறவனுக்கு ரசீது கிடையாது. அதனால்தான் பொருள்களையே பிடித்தார்கள். ஒரு பக்கம் உப்புச் சட்டம் வெடியுப்பைக் கறியுப்பு என்று சந்தேகப்பட்டது, இன்னொரு பக்கம் ஆயுதச் சட்டம் அதையே வெடிமருந்து என்று சந்தேகப்பட்டது. 1959-ல் சுதந்திர இந்தியா எழுதிய ஆயுதச் சட்டமும் இந்தக் கண்ணை மூடவில்லை. தோட்டா என்பதற்குள் அதன் பாகங்கள், செய்யும் இயந்திரம், மத்திய அரசு குறிப்பிடும் மூலப்பொருள்கள் எல்லாம் அடங்கும். செய்வதற்கு ஐந்தாவது பிரிவுப்படி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வைத்திருக்கிறவர் கையில் ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா இருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பதும் அந்தச் சிறு புத்தகத்திலேயே எழுதியிருக்கும். டெக்சாஸ்காரரின் மேஜையை நம் ஊரில் ஒரு வீட்டில் போட்டால் அது பொழுதுபோக்கு இல்லை, எஃப்.ஐ.ஆர்.

இங்கே ஒரு மனிதரைக் கொண்டுவராமல் இருக்க முடியவில்லை. ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். காங்கிரசை ஆரம்பித்தவர் என்று ஒரு மார்க் கேள்விக்கு எழுதியிருப்போம். அதற்கு முன்னால், 1867 முதல் சில ஆண்டுகள், அவர் உள்நாட்டுச் சுங்க ஆணையர். வட இந்தியாவில் கடத்தல் உப்பைத் தடுக்க சிந்து நதிப் பக்கமிருந்து மகாநதி வரைக்கும் 2,300 மைல் நீளத்துக்கு ஒரு காவல் கோடு, அதில் பெரும்பகுதிக்கு முள்வேலி. கிட்டத்தட்ட 12,000 பேர் காவல். அந்த வேலியைப் பெரிதாக வளர்த்ததில் ஹ்யூமுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1879-ல்தான் அதைக் கைவிட்டார்கள். சென்னை மாகாணத்துக்கு அந்த வேலி வரவில்லை. நம்மூரில் உப்பு கடலோரத்திலேயே விளைந்ததால் அங்கேயே பூட்டிவிட முடிந்தது.

அதே ஹ்யூம்தான் இந்தியப் பறவையியலின் தந்தை என்று சொல்லப்படுபவர். அந்தக் காலத்தில் பறவையைப் படிப்பது என்றால் சுடுவது. 1885-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அவர் கொடுத்த தோல்களும் முட்டைகளும் 80,000-க்கு மேல். சின்னப் பறவையின் தோல் கிழியாமல் இருக்க தூள் மாதிரி நுண்ணிய ரவையைக் குறைந்த மருந்தோடு போடுவது சேகரிப்பாளர்களின் வழக்கம். அவர்களும் கையால் அளந்து நிரப்பியவர்கள்தான். 1878 சட்டம் வந்தபோது ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. உப்புக்கு வேலி போட்டவர், பறவையைச் சுட்டவர், காங்கிரசைக் கட்டியவர் எல்லாம் ஒரே ஆள் என்பதை வைத்து நான் தீர்ப்பு எதுவும் சொல்ல வரவில்லை. 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரஸ், ஆயுதச் சட்டத்தைத் தளர்த்தவேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டது. பொதுச்செயலாளர் ஹ்யூம். அந்தக் கூட்டத்துக்கு வந்த வக்கீல்களும் மிராசுதாரர்களும் கேட்டது தங்கள் வீட்டு இரட்டைக்குழலுக்கான மரியாதை. குருவிக்காரருக்கு அங்கே நாற்காலி கிடையாது.

கேப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுவும் பறவைக் கதைதான். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்று ஒரு பாதிரியார். வாத்துச் சுடுவதில் பைத்தியம். அந்தக் காலத்துச் சிக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே பொறி பறக்கும், அப்புறம்தான் வெடிக்கும். அந்த ஒரு கண்ணிமைப்பில் வாத்து முழுகிவிடும். எரிச்சலில் அவர் அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கியில் கட்டி 1807-ல் காப்புரிமை வாங்கினார். பின்னால் அது செம்புக் கேப்பாகச் சுருங்கியது. அதன் வாரிசுதான் ப்ரைமர். பொருளாதாரமாகப் பார்த்தால் பெரிய திருப்பம் அது. கரியும் வெடியுப்பும் ஈயமும் கிராமத்தில் தேற்றிவிடலாம், ப்ரைமரைத் தேற்ற முடியாது, அது ஆலைச் சரக்கு. 2020, 2021-ல் அமெரிக்காவில் ப்ரைமர் தட்டுப்பாடு வந்தபோது என் டெக்சாஸ் நண்பரின் மேஜை மாதக்கணக்கில் தூசு படிந்து கிடந்தது. கூடு மூட்டை மூட்டையாக இருந்தது, மருந்து இருந்தது. பொட்டு இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஆட்கள் தீக்குச்சி மருந்தை வைத்துச் சமாளித்த கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதில் எத்தனை பேர் விரல் போயிருக்கும் என்று கேட்டார்.

மருந்தும் மாறியது. புகையில்லா மருந்து வந்தபின் அதைச் செய்ய அமிலமும் ஆலையும் வேண்டியிருந்தது. நீலகிரியில் அருவங்காட்டில் 1904-ல் கார்டைட் ஆலை ஆரம்பித்தது அதற்குத்தான், இன்றும் ஓடுகிறது. ஊட்டி ரயிலில் போனால் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்க்கலாம். அதோடு வெடி என்பது வீட்டைவிட்டு ஆலைக்குப் போய்விட்டது. குருவிக்காரர் மட்டும் இன்னும் பழைய நூற்றாண்டில், கரிமருந்தோடு, குழலே கூடாக.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எங்கள் வீட்டில் சிறவிக்கறி வெந்தது அதற்கு இருபது வருஷத்துக்கும் பிறகு, ஆகவே நாங்கள் சாப்பிட்டது திருட்டுக்கறிதான். சட்டம் எங்களையும் சேர்த்துத்தான். ஆனால் பிடிபட்டால் அவர்தான் பிடிபடுவார். பேப்பரில் மாதத்துக்கு ஒருமுறையாவது வரும் வரி உங்களுக்கும் பழக்கமாக இருக்கும்: நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல். ஈயத்துக்குப் பதில் சைக்கிள் பால்ரஸ் வந்தது விலை கருதித்தான் என்று நினைக்கிறேன். வாங்கியவர்கள் பெயர் அந்தச் செய்தியில் வந்து நான் பார்த்ததில்லை.

2021 டிசம்பரில் கழுவேலியின் 5,151.60 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நான் அதற்காகச் சந்தோஷப்பட்டவன், கணக்கை மறைத்துப் பேச விரும்பவில்லை. கையால் நிரப்பிய வெடி சிக்கனமானது, ஏழையின் கணக்குக்கு ஒத்துவந்தது, உண்மை. ஆனால் ஒரு பிடி ரவை போட்டுச் சுட்டால் பறவைமேல் படுவது சில. மீதி சேற்றில். வாத்து, தீனியை அரைக்க வயிற்றுக்குள் சிறு கற்களை விழுங்குகிற பறவை. கல் என்று ஈய ரவையை விழுங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக விஷமேறிச் சாகும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை 1991-ல் நாடு முழுக்கத் தடைசெய்தது இதனால்தான். ஆயாவின் டப்பாவில் இருந்தது பட்ட ரவை மட்டும். படாதது எல்லாம் எந்தக் கணக்கிலும் வராமல் கழுவேலியின் அடியில் கிடக்கிறது. அதைக் குருவிக்காரர் எழுதவில்லை, ஹ்யூம் எழுதவில்லை, டெக்சாஸ் எக்செலிலும் அதற்குப் பத்தி இல்லை.

2022 டிசம்பரில் நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எத்தனையோ பத்தாண்டுக் கோரிக்கை அது. அந்த வாரம் அம்மாவுக்கு போன் செய்தபோது பேச்சுவாக்கில் அந்த ஆளைப் பற்றிக் கேட்டேன். முதலில் யார் என்றே அம்மாவுக்குப் பிடிபடவில்லை. அப்புறம், "ஆயாகிட்ட ரவை வாங்கிட்டுப் போவாரே, அவரா?" என்றாள். அம்மா 'அவர்' என்று சொன்னதைக் கவனித்தேன்.

"ஒரு வருஷம் மழைக்காலத்துல வரல. திண்டிவனம் பக்கம் புடிச்சிட்டாங்கன்னு சொன்னாங்க. துப்பாக்கியக் குடுத்துட்டு பாசிமணி விக்கப் போயிட்டார்னும் சொன்னாங்க. ஆயா ரெண்டு வருஷம் அந்த டப்பாவ வெச்சிருந்துச்சு."

ஊருக்குப் போனபோது மாடத்தில் தேடினேன். டப்பா இருந்தது. மூடி உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. கத்தியால் நெம்பித் திறந்தேன். ஈயம் வெள்ளை பூத்திருந்தது. வீட்டு மின்தராசில் போட்டுப் பார்த்தேன், 61 கிராம். அவர் கையைத் தூக்கி எடை பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. நாலு ரூபாய் குறைத்திருப்பார்.